இருமல் எங்கே பிறக்கின்றது?

இருமலை நோயென்று கருதுவோர் பலர். உண்மையில் அஃது ஒரு காவலாளி. உணவுத் துணுக்கோ தூசியோ வாதனாளியினுள்ளே புக நேர்ந்தால், அதனை ஒரே உந்தலில் வெளியே தள்ளிச் சுவாசப்பையைக் காப்பது அதன் தொழில். காவலாளி குரல் கொடுத்தால் வீட்டார் விழித்தெழுந்து கள்வனைத் தேடுவர். ஆனால், மாதக்கணக்காக அவன் கூவிக்கொண்டேயிருக்க, கள்வன் மட்டும் அகப்படாதிருந்தால் அவ்வீட்டின் நிலை யாது?

நெடுநாள் இருமலுக்கு ஆளான குடும்பம் அத்தகைய நிலையிலேயே இருக்கின்றது. இருமுபவருக்கும் உறக்கமில்லை, உடனிருப்போருக்கும் உறக்கமில்லை. வகுப்பிலே இருமும் மாணவனை விட்டு அடுத்திருப்பவன் சற்றே விலகி அமர்கின்றான். பேருந்திலே பலர் திரும்பிப் பார்க்கின்றனர். 'கசமாக இருக்குமோ' என்ற ஐயம் வாய்விட்டுச் சொல்லப்படாமலே வீட்டினுள் நடமாடுகின்றது. மல்லிக் கோப்பியும் பாணிமருந்தும் மாறி மாறி வருகின்றன, இருமலோ போவதாயில்லை. இவ்வாறான இருமல்களுள் ஒரு பகுதி சுவாசப்பையிற் பிறப்பதன்று, இரைப்பையிற் பிறப்பதாகும். இதனையும், இதனைத் துணிவதற்கு மருத்துவம் எவ்வழியிற் செல்கின்றது என்பதையும் நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

முதலில் நாட்கணக்கைப் பார்ப்போம். தடிமனோடு வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துள் அடங்கிவிடும். வளர்ந்தோரிடத்து 8 வாரத்துக்கு மேல் நீடிப்பதையே நெடுநாள் இருமல் என மருத்துவர் வகுப்பர். சிறுவர்க்கு 4 வாரமே எல்லை. எனினும், அதுவரை வாளாவிருக்கலாம் என்பது இதன் பொருளன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சுகாதாரத் துறையினர் வற்புறுத்தும் அறிவுரை. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பேர்லின் நகரிலே, றொபேட் கொக் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டமையை உலகுக்கு அறிவித்தார். அன்று தொட்டு அந்நோய் அஞ்சி மறைக்கும் பொருளன்று. தேடிப் பார்த்துத் துணியும் பொருளாயிற்று. மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐயத்தை நெஞ்சிற் சுமந்து திரிவதினும் அதனை அங்கே இறக்கி வைப்பது மேலன்றோ?

சளியிற் குருதி காணுதல், உடல் மெலிதல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், மூச்சுத் திணறல், உணவு விழுங்க இடர்ப்படுதல், குரல் மாறி நெடுநாள் திரும்பாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதம் கூடாது. புகைப்பவரின் இருமல் தன் இயல்பு மாறினாலும் அவ்வாறே. இத்தகையோர் 'இது காஸ்ரிக்' என்று தாமே முடிவு செய்து, அமிலத்தை அடக்கும் குளிசைகளை வாங்கி விழுங்குதல் பேரிடருக்கு வழியாகும். மார்பின் எக்ஸ் கதிர்ப் படத்திற் குறையொன்றும் இல்லை எனக் கண்ட பின்னரே ஏனைய காரணங்களைத் தேடுதல் முறை.

அடுத்து ஆராய வேண்டியது, நோயாளர் உட்கொண்டு வரும் மருந்து. குருதியமுக்கத்துக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் எனாலாபிறில், லிசினோபிறில், கப்ரோபிறில் முதலியவை சிலரிடத்து வறட்டிருமலை உண்டாக்கும். மருந்து தொடங்கிய சில நாளிலும் வரலாம். பல மாதங் கழித்தும் வரலாம். நிறுத்திய பின் பெரும்பாலும் நான்கு வாரத்துள் தணியும். சிலருக்கு மூன்று மாதமும் செல்லும். ஆயின், நோயாளர் தாமாக அதனை நிறுத்துதல் தகாது. வைத்தியரிடம் கூறினால் அவர் வேறு இன மருந்தைத் தருவார்.

புகைப்பழக்கமுமில்லை, இம்மருந்துமில்லை, எக்ஸ் கதிர்ப் படமும் நன்று என்றால், எஞ்சும் இருமல்களுட் பெரும்பாலானவை மூன்று இடங்களில் ஒன்றிலோ பலவற்றிலோ பிறக்கின்றன. மூக்கிலிருந்து தொண்டைக்குள் நீர் வடியும் பீனிசம் முதலியன ஒன்று. இழுப்பு ஒலியின்றி இருமலாக மட்டும் தோன்றும் தொய்வு இரண்டாவது. இரைப்பையிலிருந்து மேலெழும் அமிலம் மூன்றாவது.

இரைப்பை எங்கே, இருமல் எங்கே என மாணவர் வினவலாம். இரைப்பையிலே சுரக்கும் புளிநீர் ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் 1824இல் வெளியிட்டார். அவ்வமிலத்தைத் தாங்கும் வல்லமை இரைப்பைச் சுவருக்கு உண்டு. அதன் மேலுள்ள களத்துக்கு அவ்வளவு இல்லை. ஆகவே, இரண்டும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் கதவுபோல் நின்று, உணவை உள்ளே விட்டு மூடிக்கொள்கின்றது. அக்கதவு வேண்டாத வேளையில் நெகிழ்ந்தால் அமிலம் மேலெழும்.

மேலெழுந்த அமிலம் இருமலை எழுப்புவது இரு வழியில். தொண்டைவரை ஏறி, நுண்ணிய துளிகளாகக் குரல்வளையையும் வாதனாளியையும் தீண்டுதல் ஒரு வழி. மற்றையது வியப்புக்குரியது. கருவிலே முன்குடல் என்னும் ஒரே குழாயிலிருந்தே களமும் வாதனாளியும் பிரிந்து வளர்கின்றன. இரண்டின் செய்தியையும் மூளைக்குக் கொண்டு செல்வது வேகசு என்னும் ஒரே நரம்பு. ஆதலின், களத்தின் அடியிலே அமிலம் பட்டாலும், வாதனாளியிலே ஏதோ புகுந்ததுபோல் மூளை இருமலுக்கு ஆணையிடுகின்றது. இருமும்போது வயிற்றினுள் அமுக்கம் மிகுந்து மேலும் அமிலம் எழ, அதனால் மீண்டும் இருமல் வர, அது செக்குச் சுற்றாய் முடிகின்றது.

இங்கேதான் நோயறிதல் கடினமாகின்றது. நெஞ்செரிவும் புளித்த ஏவறையும் இருப்பின் எவரும் இரைப்பையை ஐயுறுவர். ஆனால், இவ்வகை இருமலுடையோர் பலருக்கு நெஞ்செரிவே இல்லை. இருமல் ஒன்றே அறிகுறி. உணவுக்குப் பின் இருமல், குனியும்போதும் படுக்கும்போதும் இருமல், நெடுநேரம் பேசினால் இருமல், காலையிற் குரல் கம்முதல், வாயிற் புளிப்பு ஆகியவை ஐயத்தை வலுப்படுத்தும். எனினும், இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிக்க வல்லதன்று.

கருவிகள் தீர்ப்பளிக்கமாட்டாவோ எனலாம். எண்டொஸ்கோப்பி எனப்படும் உள்நோக்குக் குழாயினாற் களத்தின் புண்ணைக் காணலாம். ஆனால், அமிலம் மேலெழுவோர் பலரின் களம் பார்வைக்குக் குறையின்றியே இருக்கும். அமிலத்தை நேரே அளக்கும் முறையும் உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கம்பியொன்றைக் களத்துள் இறக்கி, 24 மணி நேரம் அங்கே எவ்வளவு அமிலம் வந்து போகின்றது என்று பதிவு செய்வர். 1974இல் ஜோன்சன், டிமீஸ்டர் என்னும் இருவர் இதனை வரையறுத்து வெளியிட்டனர். 2018இல் வெளியான லியோன் இணக்க வரைவின்படி, அளந்த காலத்தில் நூற்றுக்கு 6 பங்குக்கு மேல், அஃதாவது ஒரு நாளில் ஏறக்குறைய 86 நிமிடத்துக்கு மேல், களம் அமிலத்தில் நனைந்திருப்பின் அது நோய்நிலை. 4 பங்குக்குக் குறைந்தால் இயல்பு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அமிலம் மேலெழுகின்றது என்று காட்டுவது வேறு. இருமலுக்கு அதுவே காரணம் என்று நாட்டுவது வேறு. ஒரே தெருவில் நடந்து சென்ற இருவரில் ஒருவன் குற்றவாளி என்பதற்கு, அவன் அத்தெருவில் நடந்தமை மட்டும் சான்றாகுமா? ஆதலினாற்றான் இந்நோயின் முடிந்த முடிபு, சிகிச்சைக்குப் பின்னரே கிடைக்கின்றது. அமிலத்தை அடக்கியபோது இருமல் அடங்கினால் ஐயம் மெய்ப்படும். உரிய காலமெல்லாம் முறைப்படி நடந்தும் அடங்காவிடின், அத்தீர்ப்பை நீக்கிவிட்டு மீண்டும் தேட வேண்டும்.

உரிய காலம் எவ்வளவு? நெஞ்செரிவு சில நாளிலே தணியும்; இருமலுக்கு இரண்டு அல்லது மூன்று மாதம் செல்லக்கூடும். பத்து நாள் ஒமிப்பிறசோல் உட்கொண்டுவிட்டுப் 'பயனில்லை' எனக் கைவிடுவோர் விதைத்த மறுநாளே கதிர் தேடுவோரை ஒப்பர். மேலும், குளிசை மட்டும் போதாது. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, நெஞ்செரிவோ எதிர்க்களிப்போ இல்லாதவரின் இருமலுக்கு அமிலமடக்கும் மருந்தை மட்டும் கொடுப்பதை விலக்குகின்றது. பருத்தவர் எடை குறைத்தல், உறங்குவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் உணவை முடித்தல், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துதல் ஆகியவற்றையும் அது வேண்டுகின்றது. தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அமுக்கமே மிகும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் ஆறு முதல் எட்டு அங்குல உயரமான மரக்கட்டைகளை வைத்தலே தக்கது. பரீட்சைக் காலத்தில் நள்ளிரவில் இடியப்பமும் சம்பலும் உண்டு, உண்ட கையோடு படுக்கும் மாணவர் இதனை உளங்கொள்க.

வைத்தியருக்கு வீட்டார் செய்யத்தக்க பேருதவி ஒன்றுண்டு. ஒரு கொப்பியில் இருமல் தொடங்கிய நாள், அது மிகும் வேளை, உண்ட நேரம், படுத்த நேரம், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், முன்னர் செய்த சிகிச்சைகள், அவை எத்தனை நாள் செய்யப்பட்டன என்பவற்றை எழுதி எடுத்துச் செல்க. வினாத்தாளிலே பொருந்தா விடைகளை ஒவ்வொன்றாய் நீக்கிச் சரியானதை அடைவதுபோல, வைத்தியரும் ஒவ்வொரு காரணமாக நீக்கியே முன்செல்கின்றார். வாரந்தோறும் வைத்தியரை மாற்றினால், முதல் விடையை நீக்கும் வேலையே மீண்டும் மீண்டும் நிகழும், முடிவு கிட்டாது.

சளியைப் பரிசோதிப்பிக்க அஞ்சாத துணிவும், சிகிச்சையின் பயனுக்குக் காத்திருக்கும் பொறுமையும் நெடுநாள் இருமலுக்கு வேண்டுவன. துணிவின்றிப் பொறுமை மட்டும் இருந்தால் கொடிய நோய் வேரூன்றும். பொறுமையின்றித் துணிவு மட்டும் இருந்தால் எளிய நோயும் தீராது. இருமுபவரை விட்டு விலகி அமராமல், இவ்விரண்டையும் அவருக்கு ஊட்டுவது சுற்றத்தார் கடனாகும்.