புகைக்கும் விலை உண்டு

பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது.

வணிகப் பெருமக்களே! ஆற்றுக்குச் சொன்ன நியாயம் காற்றுக்கும் பொருந்தும். வாணியம்பாடி கடைவீதியில் சரக்கு வண்டிகள் கக்கும் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நாமும் மூட்டை தூக்குவோரும்தான். சரக்கு இறக்கி முடியும்வரை என்ஜினை நிறுத்தச் சொல்வோம். பக்கத்துக் கடைகள் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு எடுத்தால் டீசலும் மிச்சம், வாடகையும் மிச்சம். புகைச் சான்று இல்லாத வண்டிக்கு லோடு கொடுக்க வேண்டாம். உள்ளூர் நடைக்கு நாலைந்து பேர் கூடிப் பேட்டரி வண்டி அமர்த்தலாம்.

தோல் தொழிலுக்குக் கோர்ட்டு சொல்ல வேண்டி வந்தது. நமக்கு அந்த நிலை வருமுன் நாமே செய்வோம்.