கருமந்தியின் குரல்

திண்டுக்கல்வாசிகளுக்குக் குரங்கு என்றால் ஓட்டைப் பெயர்த்து, கூடையில் கைவைத்து ஓடும் நாட்டுக் குரங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் ஊருக்கு மேற்கே நீல நிறமாய்த் தோன்றும் பழனிமலைத் தொடரின் சோலைகளில் வேறோர் இனம் வாழ்கின்றது. மேனி முழுதும் பளபளக்கும் கறுப்பு. தலையில் மட்டும் பழுப்பு மயிர். உடலினும் நீண்ட வால். கருமந்தி என்றும் கருங்குரங்கு என்றும் அதனை வழங்குவர். குடகு முதல் குமரி வரையுள்ள மலைகளன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

தென் அமெரிக்க வனங்களில் ஊளைக்குரங்கு என்றொரு பிராணி உண்டு. அதன் தொண்டை எலும்பு கிண்ணம்போல் குடைவாக இருப்பதால், அதன் முழக்கம் மைல் கணக்கான தூரம் செல்லும். நமது கருமந்திக்கு அத்தகைய எலும்பு இல்லை. எனினும் தொழில் ஒன்றே. பொழுது புலரும் வேளையில் கூட்டத்தின் தலைவன் உயர்ந்த மரத்திலேறி, கிளைக்குக் கிளை தாவி, “ஹூ, ஹூ” என்று அடித்தொண்டையிலிருந்து முழங்கும். ‘இச்சோலை எங்களுடையது’ என்பது அதன் பொருள். பல்லும் நகமும் கொண்டு தீர்க்க வேண்டிய எல்லை வழக்குகள் பெரும்பாலும் குரலாலேயே தீர்ந்துவிடுகின்றன. (தொல்காப்பியர் மந்தி என்ற பெயரைப் பெண்ணுக்கே உரியதாக்கினார். இலக்கணப்படி முழங்குபவனைக் கடுவன் என்றே சொல்ல வேண்டும்.)

இதன் முக்கிய உணவு இலையும் தளிருமே. வயிறு பல அறைகளாகப் பிரிந்துள்ளது. பசுவின் வயிற்றிற்போலவே அங்கும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. அதனாலேயே உண்டபின் நெடுநேரம் கிளையில் சாய்ந்து இளைப்பாறுகின்றது. குட்டி பிறக்கும்போது செம்பழுப்பு நிறம். சில மாதங்களுக்குள் கறுத்துவிடும்.

இக்கறுப்பே அதற்கு யமனாயிற்று. கருங்குரங்கு லேகியம் காசத்தையும் ஆஸ்துமாவையும் போக்கும் என்னும் நம்பிக்கையால் அந்தோ, எத்தனை உயிர்கள் மாண்டன! அந்நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் ஏதுமில்லை. இலைகளின் சத்தெல்லாம் அதன் மாமிசத்தில் சேர்ந்திருக்கும் என்று சிலர் நியாயம் கூறுவதுண்டு. அவ்வாறாயின் நம் வீட்டு வெள்ளாடும் தன்வந்திரியாகிவிட வேண்டுமே! 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுக்கின்றது. மீறினால் சிறைவாசம் உண்டு. ஆயினும் லேகியம் கேட்பவர் உள்ளவரை துப்பாக்கி முற்றும் ஓயாது.

சோலைகளின் கதை வேறு. சீகையும் யூகலிப்டஸும் பைனும் மலைமேல் பரவ, பழைய சோலைகள் பள்ளங்களில் திட்டுத்திட்டாக ஒதுங்கின. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய சோலைகள் பலவற்றிற்கு அது காவல்.

கோடையில் குடும்பத்துடன் மலையேறும் நேயர்கள் விடியுமுன் எழுந்து, சோலையோரத்தில் ஓசையின்றி நின்று பாருங்கள். பொரியும் கடலையும் வேண்டாம். முதற்குரல் எழுந்தபின் சற்றுப் பொறுங்கள். எதிர்ப்பள்ளத்திலிருந்து மறுகுரல் வந்தால், அங்கும் ஒரு கூட்டம் உயிருடன் இருக்கின்றது.