மூன்றே முக்கால் அடியில் ஒரு முழு உறக்கம்

கேம்பர் வேனின் ஒடுங்கிய கட்டிலில் இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்க முடியுமா? ஸ்காட்லாந்தின் வடபகுதிக் கடலோரத்தில் 9 இரவுகள் தூங்கிப் பார்த்து எழுதியது.

அல்லாபூல் கடலோர முகாமில் எங்களுக்கு அது முதல் இரவு. மணி 2 இருக்கும். நான் வேனின் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தேன். என் கணவரின் பாதி பாரம் என் தோள்மேல்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்."

"தள்ளித்தாம்மா படுக்கறேன். கண் அசந்தா தானா உருண்டு வந்துடறேன்."

அவர் சொன்னது உண்மைதான். விடியும்வரை அவர் உருண்டுகொண்டே இருந்தார், நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். காலையில் இருவருக்குமே கழுத்து திரும்பவில்லை. இந்தக் கட்டிலில் இன்னும் 8 இரவுகளை எப்படிக் கழிப்பது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

பக்கத்து வேனில் கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி. காலை வணக்கம் சொல்ல வந்த அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கட்டிலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்துச் சமையல் மேடையில் வைத்தார். ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பை நெருங்கியும், மறுபக்கம் விலகியும் நின்றது. "வண்டி சாய்ந்து நிற்கிறது. கட்டில் என்ன செய்யும்?" என்றார். அவருடைய கணவர் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டுவந்து தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். சிறு சாய்தளம் மாதிரி படிப்படியாக உயரும் கட்டைகள். வேனை மெல்ல நகர்த்தி அவற்றின்மேல் ஏற்றினோம். தம்ளரில் தண்ணீர் சமமானது.

அன்றிரவும் அதே கட்டில், அதே அகலம். அவர் உருளவில்லை. உறக்கத்தை நாங்கள் மெத்தையில் தேடிக்கொண்டிருந்தோம். அது சக்கரத்தின் அடியில் கிடந்திருக்கிறது.

ஆளுக்கு 57 சென்டிமீட்டர்

வேன் கட்டில் ஏன் இத்தனை ஒடுக்கம்? ஐரோப்பாவில் பெயர்பெற்ற ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா வேனை எடுத்துக்கொள்வோம். அதன் டி6 மாடலில் கீழ்க்கட்டிலின் நீளம் 200 சென்டிமீட்டர், அகலம் 114. நம் கணக்கில் மூன்றே முக்கால் அடி. பிரிட்டனில் இருவர் படுக்கும் சாதாரண மெத்தையே 135 சென்டிமீட்டர் அகலம். 114-ஐ இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 57. அந்த நாட்டில் குழந்தைத் தொட்டிலுக்கு விற்கும் மெத்தையே 60 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறது.

காரணம், அந்தக் கட்டில் பகலில் சீட்டாக இருப்பதுதான். 1951-ல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 'கேம்பிங் பாக்ஸ்' என்ற மரச்சாமான் தொகுப்பைச் செய்தது. ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் அதைப் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். வேலை நாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு. அந்த எண்ணம்தான் இன்றும் தொடர்கிறது. வேனின் ஒரு பக்கம் முழுக்க அடுப்பு, தொட்டி, அலமாரி என்று நீண்டு போகிறது. எஞ்சிய இடத்தில் சீட்டு. அதை மடித்து விரித்தால் கட்டில். அகலத்தைக் கூட்ட வழியே இல்லை. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். அந்த வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்வது நல்லது.

முதலில் தரை. பக்கவாட்டுச் சாய்வுதான் பெரிய எதிரி. நீளவாக்கில் தலைமாடு ஒரு விரல்கடை உயர்ந்திருந்தால் குற்றமில்லை. கால்மாடு உயர்ந்தால் மட்டும் தலை கனத்துத் தூக்கம் கலையும். முகாமுக்குள் நுழைந்ததும் தேநீர் போடும் முன் மட்டம் பார்த்துவிட வேண்டும். செல்போனில் மட்டம் பார்க்கும் வசதி உண்டு; ஒரு தம்ளர் தண்ணீரும் போதும்.

மெத்தைக்கு அடியில்

சீட்டை மடித்துப் போடும் கட்டிலில் மூட்டு வரும் இடத்தில் ஒரு பள்ளம், சீட்டின் விளிம்பில் ஒரு மேடு. உட்கார நன்றாக இருக்கும் வளைவு, படுத்தால் இடுப்பைக் குத்தும். முதலில் பள்ளத்தை நிரப்புங்கள். சுருட்டிய துண்டு போதும். அதற்குமேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு மேல்மெத்தை விரித்தால் மூட்டே தெரியாது.

இடம் குறைவென்பதால் இருவரும் பெரும்பாலும் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். மல்லாந்து படுத்தால் முதுகு முழுக்கப் பரவும் பாரம், ஒருக்களிக்கும்போது தோளிலும் இடுப்பெலும்பிலும் குவிகிறது. அந்த இரண்டு இடங்களும் சற்றே அமிழும் மெத்தைதான் வேண்டும். காதுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள உயரத்தை நிரப்பும் அளவுக்குத் தலையணை கனமாக இருக்கட்டும். இரண்டு முழங்கால்களுக்கு நடுவே மடித்த சால்வை ஒன்றை வைத்துப் பாருங்கள். இடுப்பு வலி குறையும்.

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்துப் போர்வைமேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டோம். உடம்புச் சூடு அடியிலும் இறங்கிப்போகிறது. உடம்பின் கீழே நசுங்கும் போர்வையில் காற்று தங்காது. காற்று தங்காத போர்வை சூட்டையும் காக்காது. ஒரு கம்பளியை எடுத்து அடியில் விரித்தபிறகுதான் முதுகு சில்லிடுவது நின்றது.

மூச்சு, ஈரம், காற்று

இரண்டாம் நாள் காலையில் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர். வெளியே மழை இல்லை. எல்லாம் நாங்கள் விட்ட மூச்சு. சூடான மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியையும் தகரத்தையும் தொட்டதும் நீராகிறது. மெத்தையின் அடிப்பக்கமும் அப்படித்தான் நனைகிறது. நாளடைவில் பூஞ்சை பிடிக்கிறது. அதனால்தான் நிரந்தரக் கட்டில் போடுகிறவர்கள் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரச்சட்டங்களை அடிக்கிறார்கள். சிலர் மெத்தைக்கடியில் காற்றுப் போகத் தென்னைநார்ப் பாய் விரிக்கிறார்கள். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலில் முதுகு வேர்க்காததற்குக் காரணமும் இதே காற்றோட்டம்தான்.

எத்தனை குளிரானாலும் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். ஜூனில் அந்தக் கரையோரம் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டமாக வரும், அதுவும் காற்று அசையாத ஈர மாலைகளில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால் தெரியும். ஜன்னலுக்கு மிக நெருக்கமான வலை இல்லாமல் திறக்க முடியாது.

ஒன்றைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று வேனுக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும் ஹீட்டர்தான் படுக்கும் வண்டிக்குரியது. அதோடு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இருட்டும் அமைதியும்

நான்காம் இரவு வடகரையின் டர்னஸ் ஊரில். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையும்போது இரவு மணி 10.30 ஆகிறது. காலை 4.15-க்குள் மறுபடி உதித்துவிடுகிறது. நடுவில் இருப்பதும் முழு இருட்டு இல்லை, ஒரு நீல மங்கல். கண்ணாடிகளுக்குள் பொருந்தும்படி வெட்டிய கனத்த தடுப்புகளை அடைத்தபின்தான் உடம்பு அதை இரவென்று ஒப்புக்கொண்டது. அதே தடுப்புகள் குளிரையும் கொஞ்சம் நிறுத்தின. நடுநிசியில் கடற்காற்று எழும்பி, உயர்த்தி இறக்கும் வேன் கூரையின் பக்கத் துணி படபடவென்று அடித்தது. கூரையை இறக்கிப் பூட்டியதும் அமைதி.

மன நிம்மதியும் படுக்கையைச் சேர்ந்ததுதான். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், நடந்து போகிறவர் திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்க உரிமை தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை பொருந்தாது. யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்பதைவிட, காசு கொடுத்து முகாமில் நிறுத்துவது மேல்.

இருவர் படுப்பது

கடைசியாக, படுக்கிறவர்கள். சிறுவயதில் தாத்தா வீட்டில் ஒரு பாயில் நாலு பேர் படுத்தவள் நான். தலைமாடு கால்மாடாக மாறிப் படுத்தால் தோள்கள் இடிக்காது என்று பாட்டி அன்றே படுக்க வைத்திருக்கிறாள். வேனிலும் அது செல்லும்.

ஒரே போர்வையை இருவர் போர்த்தினால், ஒருவர் திரும்பும்போது மற்றவருக்கு முதுகு திறந்துவிடும். ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொண்டோம். இரவில் எழுந்து போகிறவருக்கு வெளிப்பக்கம், அசையாமல் தூங்குகிறவருக்குச் சுவர்ப்பக்கம் என்று பேசி வைத்தோம். டார்ச், செருப்பு, தண்ணீர் மூன்றுக்கும் கைக்கெட்டும் நிரந்தர இடம். மூட்டுவலி உள்ளவரையும் முதுகு ஆபரேஷன் ஆனவரையும் இந்தக் கட்டிலுக்கு அழைக்க வேண்டாம். உள்ளே படுத்தவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

கடைசி இரவு டோர்னாக் பக்கம். வண்டியை நிறுத்தியதும் அவர் சொல்லாமலே இறங்கிப்போய்க் கட்டைகளை வைத்தார். நான் தம்ளரை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக் கை காட்டினேன். காலையில் கண் விழித்தபோது மணி 7. அவர் அவருடைய 57 சென்டிமீட்டரில், நான் என்னுடைய 57-ல்.

வீடு திரும்பி மாதங்களாகிவிட்டன. எங்கள் கட்டில் ஆறடி அகலம். ஆனாலும் ஆளுக்கொரு போர்வை என்ற வழக்கம் மட்டும் ஸ்காட்லாந்திலிருந்து எங்களோடு வந்துவிட்டது.