எத்தியோப்பியச் சாம்பலும் சென்னை விமானமும்

2025 நவம்பர் 24 அன்று துபாயிலிருந்து சென்னைக்கு வரவேண்டிய ஏர் இந்தியா விமானம் ரத்தானது. மறுநாள் சென்னை–மும்பை விமானம் ஒன்றும் ரத்து. இத்தனைக்கும் சென்னை வானத்தில் ஒரு குறையும் இல்லை. நவம்பர் 23ஆம் தேதி, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹேலி குப்பி என்ற எரிமலை வெடித்திருந்தது. அது அதற்குமுன் வெடித்ததாக எழுதப்பட்ட பதிவே கிடையாது. சுமார் 14 கிலோமீட்டர் உயரம் எழும்பிய சாம்பல், மேல்காற்றில் ஏறிக்கொண்டு ஏமன், ஓமன், அரபிக்கடல் தாண்டி, 24ஆம் தேதி இரவே டெல்லி வரை வந்துவிட்டது.

பெயர்தான் சாம்பல், எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும்தான். சென்னையிலிருந்து இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால், ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபைன் ஆலையின் உலையில் மணல் உருகிக் கண்ணாடியாகிறது. சாம்பலுக்குள் புகுந்த ஜெட் எஞ்சினிலும் ஏறக்குறைய அதே வேலைதான் நடக்கிறது, யாரும் கேட்காமலே. எரிமலைக் கண்ணாடி 1,100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும்; எஞ்சினின் எரிப்பு அறையிலோ சூடு அதைவிட அதிகம். உருகியது பின்னாலிருக்கும் டர்பைன் தகடுகளில் ஒட்டி இறுகி, காற்றின் வழியை அடைக்கிறது. எஞ்சின் அணைந்தே போகலாம்.

1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்துக்கு இதுதான் நேர்ந்தது. ஜாவா தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் நான்கு எஞ்சின்களும் நின்றன. விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கி, சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவை மறுபடி ஓடின. 263 பேரும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். விமானியின் வானிலை ரேடார் எச்சரிக்கவில்லை. அது மழைத்துளியைக் காட்டும், உலர்ந்த நுண்தூளைக் காட்டாது. இன்று உலகெங்கும் ஒன்பது மையங்கள் செயற்கைக்கோள் வழியே சாம்பலைத் தேடுவது அதனால்தான். ஹேலி குப்பியைத் தொடர்ந்தது பிரான்சின் துலூஸ் மையம்.

சரி, சென்னை–மும்பை ஏன் ரத்தானது? எரிமலை வெடித்தபின் குறிப்பிட்ட பகுதிகளின் மேல் பறந்திருந்த விமானங்களைச் சோதிக்காமல் மறுபடி அனுப்ப முடியாது. ஒரு விமானம் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போவது. அது ஓரிடத்தில் நின்றால், சாம்பலைப் பார்த்தேயிராத ஊரின் பயணியும் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான்.

பயணிகளுக்கு மட்டுமா? 2010 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே ஐஸ்லாந்து எரிமலை ஐரோப்பிய வானத்தை மூடியது. ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. அயர்லாந்திலிருந்து விமானத்தில் வரவேண்டிய டயர் அழுத்த உணரிகள் வராததால் ஜப்பானில் நிசான் உற்பத்தியின் ஒரு பகுதியை நிறுத்தியது. ஜப்பானில் ஒரு துளி சாம்பல் விழவில்லை! பாகங்களைக் குவித்துவைக்காமல் அன்றன்றைக்கு வரவழைக்கும் தொழில் எதுவானாலும், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத் தொழில் உட்பட, இந்த ஆபத்துக்குள்தான் இருக்கிறது.

எரிமலையால் ரத்தானால் இந்திய விதிப்படி விமான நிறுவனம் நஷ்டஈடு தரவேண்டியதில்லை. ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரவோ மாற்று விமானம் ஏற்பாடு செய்யவோ கடமைப்பட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள்.