விரைவும் உறுதியும்

நின்ற கார் சட்டென்று விரைய வழி என்ன? பார்ப்போம், தோழியரே!

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் மிகுதியாகச் செலுத்தும் கருவியே சூப்பர்சார்ஜர். அதனால் வலிமை கூடும்; வெப்பமும் கூடும். பின் அச்சுப் பற்சக்கரத்தில் பற்களைக் கூட்டினாலும் கார் விரைந்து கிளம்பும். ஆனால் உச்ச வேகம் குறையும்.

இங்கிலாந்தில் டோரதி பேஜட் என்னும் பெண்மணியின் பொருளுதவியால் நாலரை லிட்டர் பென்ட்லி கார்களில் சூப்பர்சார்ஜர் பொருத்தினர். 1930-ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய இரு கார்களும் பழுதாகிப் பாதியில் நின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாத மற்றொரு பென்ட்லியே வென்றது.

ஆகவே எஞ்சினின் வலிமையைக் கூட்டுவோர் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் பிரேக்கையும் வலுப்படுத்த வேண்டும். விரைவு மட்டும் போதாது. கடைசி வரை தாங்கும் உறுதியும் வேண்டுமென அறிவோம்.