முகவரியும் உடைமையும்: வீட்டு வலையமைப்பில் நிலையான, மாறும் ஐ.பி. முகவரிகள் பற்றிய ஒரு விளக்கம்

கருவிகளைக் கையாளும் முறையினை விளக்கும் நூல்கள், அம்முறைகள் எச்சூழ்நிலையிலே தோன்றின என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. அதனால் இன்றுள்ள அமைப்பு இயல்பானது, மாற்றவியலாதது என்ற மயக்கம் ஏற்பட்டுவிடுகின்றது. வீட்டு வலையமைப்பிலே நிலையான ஐ.பி. முகவரியினையும் மாறும் ஐ.பி. முகவரியினையும் அமைப்பது பற்றிய விளக்கங்களிலும் இக்குறைபாட்டினைக் காணலாம். அமைக்கும் முறையினையும் அதன் வரலாற்றுப் பின்னணியினையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையமைப்பிலே தரவுகள் சிறு பொதிகளாகப் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொதியும் அனுப்புவோரதும் பெறுவோரதும் முகவரிகளைத் தாங்கிச் செல்லும். 1981 ஆம் ஆண்டிலே வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையின்படி முகவரி 32 இரும இலக்கங்களாலானது, 192.168.1.20 என்றாற்போல நான்கு எண்களாக அது எழுதப்படும். கருவியொன்று இயங்குவதற்கு இம்முகவரியோடு வேறு மூன்று விவரங்களும் தேவை: எம்முகவரிகள் உள்வீட்டைச் சேர்ந்தன என்பதைக் காட்டும் உபவலை மறைப்பு (பெரும்பாலும் 255.255.255.0), வெளியுலகுக்கு வாயிலாக அமையும் ரவுட்டரின் முகவரி, தளப்பெயர்களை எண்களாக்கித் தரும் பெயர்ச் சேவையகத்தின் முகவரி என்பனவே அவை.

இவற்றைக் கருவி பெறும் முறையிலேதான் வேறுபாடு தோன்றுகின்றது. நாமே கருவியில் எழுதிவைத்தால் அது நிலையான முகவரி. ரவுட்டரிடம் கேட்டுப் பெற்றால் மாறும் முகவரி. பின்னதற்குரிய டீ.எச்.சீ.பீ. நெறிமுறை 1993 இல் வெளியாயிற்று. கருவி இயங்கத் தொடங்கியதும், முகவரி தருவார் உளரோ என வலையமைப்பு முழுவதையும் வினவுகின்றது, ரவுட்டர் ஒரு முகவரியை முன்வைக்கின்றது, கருவி அதனை வேண்டுகின்றது, ரவுட்டர் உறுதிசெய்கின்றது. தரப்படுவது உடைமையன்று, குத்தகையே. நெறிமுறையை வகுத்தோர் ஆண்ட சொல்லும் இப்பொருளினதே என்பது மனங்கொளத்தக்கது. காலத்தின் அரைப்பங்கு கழிந்ததும் கருவி புதுப்பிக்குமாறு கேட்கும். புதுப்பிக்கப்படாது தவணை முடிந்தால் முகவரி மீண்டும் பொதுத் தொகுதியைச் சேரும்.

தாமே பிறரைத் தேடிச் செல்லும் கைத்தொலைபேசி, மடிக்கணினி முதலியவற்றுக்குக் குத்தகை போதுமானது. பிறர் தேடிவரும் அச்சுப்பொறி, கோப்புச் சேமிப்பகம், காவற் கமரா போன்றவற்றுக்கே நிலையான முகவரி வேண்டும். நேற்று 192.168.1.104 இல் இருந்த அச்சுப்பொறி இன்று 192.168.1.107 இற்கு மாறிவிடின், பழைய எண்ணைக்கொண்டு தேடும் கணினி அதனைக் காணாது.

ரவுட்டரின் முகவரி 192.168.1.1 எனக் கொள்வோம். உலாவியில் அதனை எழுதி நிருவாகப் பக்கத்துட் புகுந்து, குத்தகைத் தொகுதியை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என வரையறுக்கலாம். அச்சுப்பொறிக்கு 192.168.1.20 போன்று தொகுதிக்கு வெளியேயுள்ள எண்ணை இடல் வேண்டும். தொகுதிக்குள்ளிருந்து எடுத்தால், ரவுட்டர் அதே எண்ணை வேறொரு கருவிக்கும் வழங்கக்கூடும். அப்போது இரண்டும் தடுமாறும். கருவியின் வன்பொருள் முகவரியை ரவுட்டரிலே பதிந்து, அதற்கு எப்பொழுதும் ஒரே எண்ணை ஒதுக்குதல் மற்றொரு வழி. பதிவுகள் யாவும் ஓரிடத்தில் இருப்பதால் வீட்டுக்கு இதுவே உகந்தது. கருவியின் முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், ரவுட்டரிடமிருந்து விடை கிட்டாமையால் கருவி தானே ஓர் எண்ணைச் சூடிக்கொண்டது என்பது பொருள். நிலையான முகவரி இணைப்பை விரைவாக்கும் என்ற கருத்துத் தவறானது.

இதுவரை கூறியவை வீட்டினுள் நிகழ்பவை. அங்கு முகவரிக்குப் பஞ்சமில்லை, 192.168 எனத் தொடங்கும் எண்களை எவரும் தம் வீட்டிற் பயன்படுத்தலாம். வாயிலுக்கு வெளியே நிலைமை வேறு. 32 இலக்கங்கள் தருவன ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. தொடக்ககாலப் பங்கீட்டில் எம்.ஐ.டி., ஃபோர்ட் கம்பனி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தலா 1 கோடி 67 இலட்சம் முகவரிகளைப் பெற்றன. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில், எமது நாட்டினையும் உள்ளடக்கிய ஆசிய-பசுபிக் பதிவகம் உறுப்பினர் ஒருவருக்கு 1,024 முகவரிகளுக்கு மேல் இல்லையென வரையறுத்தது. அதே 2011 இல் வங்குரோத்தடைந்த நோர்ட்டெல் நிறுவனம் 666,624 முகவரிகளை 75 இலட்சம் டொலருக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கு விற்றது. பயன்பாட்டுப் பெறுமதி மட்டுமே கொண்டிருந்த எண், மாற்றுப் பெறுமதியுடைய பண்டமாயிற்று.

பிந்திவந்தோருக்கு எஞ்சியது பகிர்வே. ஒரு வீட்டின் கருவிகள் யாவும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வது வழக்கமாயிற்று. பின்னர் பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிரும் நிலையும் தோன்றிற்று. 2012 இல் இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி இவ்வெல்லைக்குள் அமையின், அவ்வீட்டார் வெளியே செல்லலாம்; வெளியிலிருந்து எவரும் நேரே அவர்களிடம் வரமுடியாது. தன் வீட்டுக் கணினியிலிருந்தே சஞ்சிகையொன்றை உலகுக்கு வழங்க விரும்பும் மாணவன், அக்கணினிக்கு 192.168.1.20 என நிலையான எண்ணை இட்டதனால் மட்டும் பயன்பெறமாட்டான். அதற்கு வேண்டிய வெளிமுகவரியைச் சேவை வழங்குநர் பொதுவாக மேலதிகக் கட்டணத்துக்கே தருவர். பணம் செலுத்தவியலாதோர் நுகர்வோராக மட்டும் நிற்க நேர்கின்றது.

இப்பற்றாக்குறை எவரதும் சூழ்ச்சியன்று. 32 இலக்கங்கள் போதுமெனக் கருதப்பட்ட காலத்தின் விளைவு. ஆயின் அதன் சுமை எவர்மேல் விழுந்தது என்பது பங்கீட்டினாலே தீர்மானிக்கப்பட்டது. 128 இலக்கங்கொண்ட ஆறாம் பதிப்பு நெறிமுறை 1990களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதன்கீழ் வீட்டிலுள்ள கருவி ஒவ்வொன்றும் வெளிமுகவரி பெறலாம். எனினும் வீட்டுக்கு நிலையான தொகுதியை வழங்குவதோ அவ்வப்போது மாற்றுவதோ இன்னும் சேவை வழங்குநரின் கையிலேயே உள்ளது. தொழினுட்பம் பஞ்சத்தை நீக்கலாம். குத்தகை உறவினை அது தானாக நீக்குவதில்லை. எனவே வீட்டு ரவுட்டரை அமைப்போர், தம் அதிகாரம் எவ்வாயில் வரை செல்கின்றதென்பதையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.