காரைத் திருப்பினால் "டக்... டக்...!" ஆக்சிலா? பால் ஜாயிண்டா? உஷார்!

வில்லியனூர்.

நேராகப் போகும்போது கார் சாது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும் முன்பக்கம் "டக்... டக்... டக்..."!

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆசாமிகளும் உண்டு. "சத்தம்தானே வருது, வண்டி ஓடுதுல்ல?" என்று கேட்பார்கள்.

ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பது சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

அம்பாசிடருக்கு வராத வியாதி!

அம்பாசிடர் ஓட்டிப் பழகிய பெரியவர்கள் "எங்க காலத்துல இந்தச் சத்தமே கிடையாது" என்பார்கள். பேச்சில் நியாயம் இருக்கிறது. அம்பாசிடரில் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான்.

1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி 800 வெளியே வந்தது. அதில் முன்சக்கரமே வண்டியை இழுக்க வேண்டும், முன்சக்கரமே திரும்பவும் வேண்டும். இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். (மாருதி ஆம்னி ஒரு விதிவிலக்கு. அது பின்சக்கர வண்டி.)

சக்கரம் ஒடிந்து நிற்கும்போதும் எஞ்சின் சக்தி தடங்கல் இல்லாமல் போய்ச் சேர வேண்டுமே? அதற்காக ஆக்சில் நுனியில் இருப்பதுதான் சி.வி. ஜாயிண்ட். 1920-களில் அமெரிக்க எஞ்சினியர் ஆல்பிரட் ரெசெப்பா கண்டுபிடித்த சமாச்சாரம். ஒரு கிண்ணம், அதற்குள் ஆறு எஃகு குண்டுகள், குண்டுகள் ஓட வாய்க்கால் மாதிரி பள்ளங்கள். சுற்றிலும் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. பட்டறையில் அதற்குப் பெயர் "பூட்".

ரப்பர் கிழிந்தால்...

எல்லாத் தொல்லையும் இந்த ரப்பரில்தான் ஆரம்பம். வயசானால் வெடிக்கும். வயல் பாதையில் கட்டை, கம்பி பட்டாலும் கிழியும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த ஓட்டை வழியாக ஏரிக்கரைப் புழுதியும் மழைச் சேறும் உள்ளே போகும். மணல் சேர்ந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். பள்ளத்தில் குழி விழும். வண்டி திரும்பும்போது குண்டு அந்தக் குழியில் இறங்கி ஏறும். அதுதான் "டக்... டக்..."! நேராகப் போகும்போது குண்டுக்கு அவ்வளவு ஓட்டம் இல்லை. அதனால் சத்தமும் இல்லை.

கிழிசலைப் பார்த்த உடனே பூட்டும் கிரீசும் மாற்றினால் செலவு சில நூறுகளோடு போகும். சத்தம் வந்த பிறகு புதுக் கிரீஸ் அடைப்பது வீண். குழி விழுந்த இரும்பு ஆறாது. ஜாயிண்ட் அல்லது ஆக்சிலையே மாற்ற வேண்டும். அதற்குச் செலவு ஆயிரக்கணக்கில்!

இதைத் தெரிந்துகொள்ளப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாக கிரீஸ் அப்பியிருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

காலி மைதானத்தில் ஒரு வட்டம்!

எந்தப் பக்கத்து ஜாயிண்ட்? காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து மெதுவாக ஒரு வட்டம் அடிக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். இடது பக்கம் திரும்பும்போது சத்தம் என்றால் பெரும்பாலும் வலது சக்கரத்து ஜாயிண்ட். வலது பக்கம் என்றால் இடது சக்கரம். வேகம் கூடக்கூட "டக் டக்"கும் வேகமாக வரும்.

சில சமயம் விஷயம் அற்பமாக இருக்கும். டயர் இடுக்கில் மாட்டிய கல், தளர்ந்த வீல் நட்டு இவையும் சத்தம் போடும். நட்டை முதலில் முடுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. நட்டு தளர்ந்த வண்டியை "அண்ணே, ஆக்சில் போயிடுச்சு" என்று கழற்றிப் போட்டால் யாருக்கு நஷ்டம்?

இதுதான் ஆபத்து!

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "டொங்" என்று ஒற்றைச் சத்தம் வருகிறதா? அது சி.வி. ஜாயிண்ட் இல்லை. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் வெளியே நின்று காது கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் சிக்கிச் சிக்கித் துள்ளினால் ஷாக் அப்சார்பர் தலையில் உள்ள பேரிங் போயிருக்கும். இதற்கு நாலு நாள் தாமதித்தாலும் பெரிய மோசமில்லை.

சத்தம் கீழே, சக்கரத்தின் அடியிலிருந்து வந்தால் விஷயம் வேறு. பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டீயரிங் கையில் நிற்காது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வயல் என்று போகிற கரையில் இது நடந்தால் கதி என்ன?

ஜாக்கி போட்டு, பக்கத்தில் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்! இடமும் வலமுமாக ஆடினால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

பால் ஜாயிண்ட் ஆடுகிற வண்டியைப் பாகூரிலிருந்து புதுச்சேரி பட்டறை வரை "மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்று கிளம்புவது வம்பு. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்கிற செலவு குறைச்சல்தான்.

டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் மாற்றிய வண்டிக்கு வீல் அலைன்மெண்டும் பார்க்க வேண்டும். அதை விட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதத்தில் டயர் கடைக்குப் போய் நிற்க நேரும்.